லீ-மாலரியின் கடைசிப் பிரயாணம்

1944-ம் வருஷம் நவம்பர் மாதம் 14-ந் தேதி காலையில், லண்டன் மாநகரை அடுத்த நார்த்தோல்ட் விமான நிலையத்திலிருந்து ராணுவப் போக்குவரத்து விமானம் ஒன்று இத்தாலியை நோக்கிக் கிளம்பிற்று. அது முடிவாகச் சென்று சேர வேண்டிய இடம் இலங்கை. அதில் இருந்தவர்கள் பத்துப் பேர். அவர்களில் ஒருவர், பிரிட்டிஷ் விமானப் படையின் பிரதான தளபதிகளுள் ஒருவரான சர் டிராபர்டு லீ-மாலரி. மற்றொருவர் அவருடைய மனைவியார் டோரிஸ். ஏனைய எண்மரும் அந்த விமானத்தை நடத்திச் செல்ல நியமிக்கப்பட்ட விமானப் படையினர். பத்துப் பேரில் ஒருவரும் இலங்கையைக் காணவில்லை. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில், பனிப்புயலின் நடுவே, விமானம் மலைமீது மோதி நொறுங்கியது. அன்று மாண்ட தளபதியின் வாழ்வையும் முடிவையும் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

லீ-மாலரியைப் பற்றி நாம் எழுதுவது நேயர்களில் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். அவர் ஏகாதிபத்தியத்தின் சேவகர். அவர் விமானம் ஏறிய அந்த நாளில் பண்டித நேருவும், சர்தார் படேலும், மௌலானா ஆஸாதும் ஆமத்நகர் கோட்டையில் கைதிகளாக இருந்தனர். அவர் சேவித்த சர்க்காரே அவர்களை அங்கே அடைத்து வைத்திருந்தது. எனினும், அதிகாரம் என்பது எல்லா நாட்டிலும் ஒரே இயல்பு உடையது. அதைக் கையாளுவோர் எவ்விடத்தில் வழுக்கி விழுகின்றனர் என்பதை அறிய விரும்புவோர்க்கு, அயலார் சரித்திரமும் நம் சரித்திரத்தைப் போலவே பாடம் கற்பிக்கும். லீ-மாலரியின் சரித்திரம் அத்தகையது.

அவர் 1892-ம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதி, இங்கிலாந்தில் செஷயர் ஜில்லாவிலுள்ள மாபர்லி என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ப் பாதிரியார். பிற்காலத்தில் எவரெஸ்ட் சிகரத்தின் பேரால் உலகம் அறிந்த ஜார்ஜ் மாலரி இவருடைய தமையனார். தம்பி படித்த பள்ளிக்கூடம் ஹெய்லிபரி. கிழக்கிந்தியக் கம்பெனியார் நம் நாட்டை ஆள்வதற்கு அனுப்பிய உத்தியோகஸ்தர்களைப் பயிற்றுவித்த கலாசாலை முன்பு அவ்விடத்தில்தான் இருந்தது. கம்பெனி ஆட்சி ஒழிந்த பின்னர், அந்தக் கட்டடத்திலேயே இப்பள்ளிக்கூடம் ஏற்பட்டது. பிறகு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் மாடலின் கல்லூரியில் சேர்ந்து, சரித்திரமும் சட்டமும் கற்றார். பிற்காலத்தில் விமானப் படையில் பெரும் புகழ் பெற்ற ஆர்தர் டெட்டரும் அதே கல்லூரி மாணவர். பாரிஸ்டராகித் தொழில் நடத்த வேண்டும் என்பதே லீ-மாலரியின் எண்ணமாக இருந்தது. 1914-ல் மூண்ட யுத்தம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

அவர் சாதாரணச் சிப்பாயாகவே பட்டாளத்தில் சேர்ந்தார். விரைவில் அதிகாரியாக்கப்பட்டு, பெல்ஜியத்தில் ஈப்ர் நகரையடுத்த போர்க்களத்திற்கு அனுப்பப்பட்டார். 1915-ல் அங்கே நடந்த ஒரு தாக்குதலில் காயமுற்றார். அதே வருஷத்தில் டோரிஸ் அம்மையாரை மணந்தார். காயம் ஆறியதும், 1916-ல் விமானப் படைக்கு மாறினார். அக்காலத்து விமானம் மரச் சட்டத்தின்மீது துணியைப் போர்த்திச் செய்தது. அதில் ஏறிச் சென்று எதிரியின் அகழிகளைப் படம் பிடிப்பதும், பீரங்கிகள் எங்கே உள்ளன என்று கண்டு சொல்வதும், குண்டு போடுவதுமே அவருடைய வேலை. 1917-ம் வருஷ முடிவில் 8-வது ஸ்குவாட்ரனுக்குத் தலைவரானார். அப்பொழுதுதான் யுத்தத்திற்கு வந்திருந்த டாங்கிகளுக்குத் துணையாக விமானங்களைத் தாழப் பறக்கச் செய்து உதவும் முறையை வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தரைப் படைக்கு விமானம் எவ்வாறு உதவலாம் என்பதே அவருடைய தனித் துறை ஆயிற்று.

யுத்தம் முடிந்த பின் மீண்டும் சட்டத் தொழிலுக்குத் திரும்பலாமா என்று எண்ணினார். முடிவில் விமானப் படையிலேயே தங்கினார். தரைப் படையுடன் ஒத்துழைக்கும் பயிற்சிக் கூடத்திற்குத் தலைவராக இருந்தார். பின்னர் ஜினீவாவில் 1932 முதல் நடந்த ஆயுதக் குறைப்பு மகாநாட்டில் விமான இலாகாவின் பிரதிநிதியாகப் பணி புரிந்தார். அம்மகாநாட்டில் பிரிட்டிஷ் சர்க்கார் 1933-ல் கொண்டு வந்த யோசனை நம் தேசத்தார்க்கு நினைவிருக்க வேண்டியது. ஆகாயத்திலிருந்து குண்டு போடுவதை உலகெங்கும் விலக்கலாம், ஆனால் தொலைவான சில பிரதேசங்களில் போலீஸ் காரியத்திற்காக மட்டும் அது இருக்கலாம் என்பது அந்த யோசனை. தொலைவான பிரதேசங்கள் என்பதில் நம் வடமேற்கு எல்லைப்புறத்துப் பட்டாணியர் கிராமங்களும் அடங்கும் என்பதை அறிய நம்மவர்க்கு வெகு நேரம் பிடிக்கவில்லை. அந்த யோசனைக்கு லீ-மாலரியைப் பொறுப்பாளியாக்க நாம் முற்படவில்லை. அவர் வளர்ந்த சூழ்நிலை அத்தகையது என்றே குறிப்பிடுகிறோம். பிறகு இராக்கிலும் சில காலம் உத்தியோகம் பார்த்துவிட்டு, 1937-ம் வருஷ முடிவில் இங்கிலாந்தின் சண்டை விமானப் படையில் 12-வது பிரிவின் தளபதியானார். சண்டை விமானங்களை நடத்திய அனுபவம் அவருக்கு அதற்கு முன் இல்லை.

அவருடைய பெயர் சரித்திரத்தில் ஏறியது 1940-ல். பிரான்ஸ் வீழ்ந்த பின்னர், ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின்மீது அலை அலையாக வந்தன. தேசப் பாதுகாப்பு முழுவதும் சண்டை விமானப் படைத் தலைவர் ஹியூ டௌடிங்கின் கையில் இருந்தது. லண்டனையும் தென்கிழக்குப் பகுதியையும் காத்த 11-வது பிரிவுக்கு நியூஜீலந்துக்காரரான கீத் பார்க் தளபதி. அதற்கு வடக்கே மத்தியப் பகுதியைக் காத்தது லீ-மாலரியின் 12-வது பிரிவு. பார்க்கும் லீ-மாலரியும் 1892-லேயே பிறந்தவர்கள். ஒருவரோடொருவர் ஒத்துப் போகாதவர்கள்.

இருவருக்கும் நேர்ந்த விவாதம் இது. கடற்கரையில் நிறுவிய ராடார் கருவிகள் எதிரியின் வருகையை அறிவித்ததும், கையிலுள்ள ஓரிரண்டு ஸ்குவாட்ரன்களை உடனே மேலே ஏற்றி, குண்டு விழுமுன்னரே எதிரியைத் தடுக்க வேண்டும் என்பது பார்க்கின் முறை. அவர் விமானங்கள் மேலே சென்றிருக்கும் வேளையில், காவலற்று நிற்கும் தம் நிலையங்களைக் காக்கும்படி 12-வது பிரிவை வேண்டுவார். லீ-மாலரியோ, ஐந்து ஸ்குவாட்ரன்களை ஒன்று சேர்த்துப் பெருங் கூட்டமாகச் சென்று எதிரியை மொத்தமாக அடிக்க வேண்டும் என்றார். கூட்டம் சேர்வதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்திற்குள் எதிரி குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். அடுத்த பிரிவின் உதவி வருமுன் தம் நிலையங்கள் தாக்கப்பட்டன என்பது பார்க்கின் குறை. யுத்தத்திற்குப் பின் ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் பார்க்கின் பக்கமே தீர்ப்புக் கூறியுள்ளனர்.

இந்த விவாதத்தில் நாம் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்றுண்டு. பெருங் கூட்டமாகப் பறக்கும் முறையை வற்புறுத்தியவர் டக்ளஸ் பேடர் என்ற ஒரு ஸ்குவாட்ரன் தலைவர். முன்னொரு விபத்தில் கால் இரண்டையும் இழந்து, செயற்கைக் கால்களுடன் விமானம் ஓட்டிய தீரர் அவர். தமக்குப் பல படி கீழே இருந்த அந்த அதிகாரியின் சொல்லை லீ-மாலரி மதித்துக் கேட்டார். 1940 அக்டோபர் 17-ந் தேதி விமான இலாகாவில் கூடிய உயர் அதிகாரிகளின் ஆலோசனைக்கு அவரைத் தம்முடன் அழைத்தும் சென்றார். ஆகவே, கீழ் உள்ளோர் சொல்லைக் கேளாதவர் என்று அவரை ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. தமக்கு உவப்பான சொல்லை அவர் எவரிடமிருந்தும் கேட்டார். உவப்பில்லாத சொல்லைக் கேட்பதுதான் அவருக்கும் அரிதாயிற்று. அதிகாரத்திலுள்ள பலருக்கும் அவ்வாறே. அந்தக் கூட்டத்திற்குப் பின் டௌடிங் பதவியினின்று விலக்கப்பட்டார். பார்க் பயிற்சிப் பிரிவொன்றுக்கு மாற்றப்பட்டார். டிசம்பரில் 11-வது பிரிவின் தலைமை லீ-மாலரியிடம் வந்தது. இங்கிலாந்தைக் காத்த இருவரும் புகழ் மாலை பெறாமலே வெளியேறினர்.

1941-ல் அவர் சண்டை விமானங்களைக் கடல் கடந்து பிரான்ஸின்மீது செலுத்தினார். ஜெர்மானியரைப் போருக்கு இழுக்க வேண்டும் என்பது நோக்கம். முந்தின வருஷம் ஜெர்மானியர்க்கு நேர்ந்த கஷ்டம் இப்பொழுது பிரிட்டிஷ் விமானிகளுக்கு நேர்ந்தது. விமானம் பழுதுபட்டுக் கீழே குதித்தவர், உயிர் பிழைத்தாலும் எதிரியின் கைதியானார். ஆகஸ்ட் மாதம் 9-ந் தேதி பேடரே அவ்வாறு சிறைப்பட்டார். நூற்றுக்கணக்கான விமானிகளை இழந்ததற்கு ஈடான பயன் கிடைக்கவில்லை. 1940-ல் இங்கிலாந்து சென்ற 24 இந்திய விமானிகளில் சிலரும் இந்தச் சண்டை விமானப் படையில் சேவித்தனர் என்பதை இங்கே குறிப்பிடுகிறோம். அவர்களில் ஒருவரான மகிந்தர் சிங் பூஜி, தலைப்பாகையுடனேயே விமானம் ஓட்டிய சீக்கியர்.

1942 ஆகஸ்ட் மாதம் 19-ந் தேதி பிரான்ஸின் டியப் துறைமுகத்தின்மீது நடந்த தாக்குதலில் விமானப் படையை நடத்தியவர் லீ-மாலரி. பத்து நாட்களுக்கு முன்னர்தான், ஆகஸ்ட் 9-ந் தேதி, நம் தலைவர்கள் பம்பாயில் கைது செய்யப்பட்டனர். டியப்பில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் கனடா நாட்டு வீரர்கள். அவர்களில் 900-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரே நாளில் பிரிட்டிஷார் பக்கம் 100-க்கு மேற்பட்ட விமானங்கள் நாசமாயின. ஜெர்மானியர் இழந்தது ஏறக்குறைய அதில் பாதியே. ஆயினும் அன்று வெற்றி என்றே கணக்கிட்டனர். அதே வருஷம் நவம்பரில் லீ-மாலரி சண்டை விமானப் படை முழுவதற்கும் தலைவரானார்.

அவருடைய வாழ்வின் உச்சம் 1944. பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நேச தேசங்களின் படைகள் இறங்குவதற்குத் திட்டம் வகுக்கப்பட்டது. பிரதம சேனாதிபதி அமெரிக்கரான ஐசன்ஹோவர். அவருக்கு அடுத்தவர் டெட்டர். தரைப் படைக்கு மாண்ட்கோமரி, கடற்படைக்கு ராம்சே, விமானப் படைக்கு லீ-மாலரி. இறங்குவதற்கு முன்னர் பிரான்ஸின் ரெயில் பாதைகளையும் நிலையங்களையும் பாலங்களையும் விமானங்களால் நாசம் செய்து, ஜெர்மானியப் படைகள் கடற்கரைக்கு விரைந்து வர முடியாமல் செய்ய வேண்டும் என்ற திட்டத்தை அவர் உறுதியாக ஆதரித்தார். பிரெஞ்சு ஜனங்கள் திரளாக மாள்வார்களே என்று சர்ச்சில் அஞ்சினார். குண்டு விமானப் படைத் தலைவர்கள் தங்கள் விமானங்களை இந்தக் காரியத்திற்கு விட்டுக் கொடுக்க விரும்பவில்லை. திட்டம் நிறைவேறிற்று. அதன் பயன் பெரிது. அதற்காக மாண்ட பிரெஞ்சு ஜனங்களும் பல்லாயிரவர்.

அந்தப் படையெடுப்புக்குச் சில நாட்களுக்கு முன் நிகழ்ந்த ஒரு சம்பவம் லீ-மாலரியின் நற்பெயருக்கு நிலையான சாட்சி. அமெரிக்கப் பாராசூட் படை டிவிஷன்கள் இரண்டை முன்னிரவில் எதிரியின் பின்புறம் இறக்குவதென்று தீர்மானிக்கப்பட்டிருந்தது. இறங்கும் பிரதேசத்தில் ஜெர்மானியர் பலம் கூடிவிட்டதாகச் செய்தி வந்தது. லீ-மாலரி கலங்கினார். பாராசூட் வீரரில் பாதிப் பேரும், கிளைடர் விமானங்களில் செல்வோரில் அதற்கு மேலும் நாசமாகலாம் என்று அவர் மதிப்பிட்டார். ஐசன்ஹோவரிடம் நேரில் சென்று இந்த ஏற்பாட்டைக் கைவிடும்படி வேண்டினார். பெரிய திட்டம் ஒன்று நிறைவேறும் தறுவாயில், மேலதிகாரியின் முகத்துக்கு நேரே சென்று, இது தவறு என்று சொல்வது எளிய காரியமன்று. அவர் தம் நலத்தைக் கருதியிருந்தால் வாய் மூடி இருந்திருக்கலாம். அறியாத இளைஞர் ஆயிரக்கணக்கில் வீணே மடிவர் என்ற அச்சமே அவரைப் பேசச் செய்தது.

ஐசன்ஹோவர் கோபம் கொள்ளவில்லை. எச்சரிக்கையை எழுத்து மூலம் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். தனிமையில் அமர்ந்து, இரு பக்கத்தையும் சீர்தூக்கினார். அந்தப் படை இறங்காவிட்டால் கடற்கரைத் தாக்குதல் முழுவதும் கெடும் என்று கண்டு, முன் செய்த ஏற்பாடே நிலைக்க வேண்டும் என்று முடிவு கூறினார். அதற்கான பொறுப்பைத் தம் தலைமீதே ஏற்றுக்கொண்டார். ஜூன் மாதம் 6-ந் தேதி படைகள் இறங்கின. நஷ்டம், லீ-மாலரி அஞ்சியதில் ஒரு சிறு பகுதியே. தம் கணிப்புத் தவறு என்று கண்டதும், அவர் காலம் தாழ்த்தாமல் ஐசன்ஹோவருக்குக் கடிதம் எழுதினார். தாம் தவறாகச் சொன்னதையும், ஏற்கெனவே பெருஞ் சுமை சுமந்தவர்க்கு மேலும் கவலை உண்டாக்கியதையும் குறித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். எச்சரிப்பதில் தைரியம், தவறியதை ஒப்புக்கொள்வதில் நேர்மை என்ற இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அரிது. இவ்விரண்டையும் லீ-மாலரி அந்த ஒரே மாதத்தில் காட்டினார்.

நார்மண்டி வெற்றிக்குப் பின் அவருடைய விமானத் தலைமைக் காரியாலயம் கலைக்கப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவில் நேச தேச விமானப் படைகளின் பிரதம தளபதி பதவி அவருக்குக் கிடைத்தது. அந்த யுத்த மண்டலத்தின் சேனாதிபதி மவுண்ட்பேட்டன் இலங்கையில் கண்டிக்கு அருகே தம் காரியாலயத்தை அமைத்திருந்தார். லீ-மாலரி அங்கே வந்து, பர்மா யுத்தத்தின் ஆகாயப் பகுதியை நடத்த வேண்டும். இந்தப் பதவி நமக்குச் சம்பந்தமில்லாததன்று. பர்மாவில் பொருத 14-வது ராணுவத்தில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். சாலையில்லாக் காடுகளில் அவர்களுக்கு அரிசியும், மாவும், தோட்டாவும் போட்டவை போக்குவரத்து விமானங்களே. எதிர்ப்புறத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் நின்றது. மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தமிழர் அதில் ஏராளம். அவர்களுக்கு ஆகாயப் பாதுகாப்பு என்பது பெயரளவிலும் இல்லை. ஒரு புறத்து இந்தியனுக்கு உணவும், மறு புறத்து இந்தியனுக்குக் குண்டும் ஒரே ஆகாயத்திலிருந்து விழுந்த அந்த யுத்தத்திற்குத் தளபதியாகவே லீ-மாலரி கிளம்பினார்.

அவர் ஏறிய விமானம் யார்க் என்னும் வகையைச் சேர்ந்தது. லாங்காஸ்டர் என்ற பெரிய குண்டு விமானத்தின் இறக்கைகளையும் எஞ்சின்களையும் எடுத்து, ஆட்களும் சாமான்களும் செல்வதற்கு ஏற்ற அகன்ற உடலைப் பொருத்திச் செய்தது அது. சர்ச்சில் பிரயாணம் செய்ததும் அந்த வகை விமானத்திலேயே. விமானத்தில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. ஓட்டியவரும் யுத்தத்தில் கீர்த்திப் பதக்கம் பெற்ற அனுபவசாலி. வானிலைதான் கெட்டிருந்தது. வழியில் ஆல்ப்ஸ் மலைப் பிரதேசத்தில் மேகமும் பனியும் சூழ்ந்திருந்தன. அந்நிலையில் புறப்படுவது உசிதமன்று என்பது விமானத்தை நடத்துவோரின் ஆலோசனை. புறப்பட்டே ஆக வேண்டும் என்பது தளபதியின் விருப்பம். புறப்பட்டார்கள்.

விமானம் குறித்த இடத்திற்கு வரவில்லை என்றதும் தேடினர். பனி அதை மூடிவிட்டது. குளிர் காலம் கழிந்து, யுத்தமும் ஐரோப்பாவில் முடிந்து, 1945 ஜூன் மாதத்தில் பனி உருகிய பிறகுதான், கிரெனோபிள் நகருக்குக் கிழக்கே பெல்டோன் மலைத் தொடரில் கிராமவாசி ஒருவர் உடைந்த விமானத்தைக் கண்டார். ஏழு மாத காலம் பத்துப் பேரும் அந்த மலையில் கிடந்தனர். அருகேயுள்ள லெ ரிவியே தாலமோன் என்னும் சிறு கிராமத்தின் மயானத்தில் அனைவரும் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டனர். தளபதிக்கு வேறிடம் தேடவில்லை.

விமானப் படையினர் விசாரணை நடத்தினர். விபத்துக்குக் காரணம் மோசமான வானிலை என்று தீர்மானித்தனர். அத்துடன் நிற்கவில்லை. விமானிகளின் ஆலோசனைக்கு மாறாகப் புறப்படும்படி லீ-மாலரி வற்புறுத்தாமல் இருந்திருந்தால், இந்த விபத்து நேராமல் தடுத்திருக்கலாம் என்றும் முடிவு கூறினர். தங்கள் படையின் மிகப் பெரிய பதவியாளர் ஒருவரைப் பற்றி, அவர் மாண்ட பின்னரும், உண்மையை இவ்வாறு பதிந்து வைத்த அந்த விசாரணையாளரை நாம் பாராட்டுகிறோம். இறந்தவரைக் குறை கூறலாகாது என்ற நாகரிகத்தால், இருப்பவர் அறிய வேண்டியதை மறைப்பது நாகரிகமாகாது.

இங்கே அவருடைய தமையனாரின் நினைவு வருவது இயல்பு. ஜார்ஜ் மாலரி 1924 ஜூன் மாதத்தில், எவரெஸ்டின் உச்சிக்கருகே, தம் தோழர் இர்வினுடன் மறைந்தார். அவருடைய உடல் 75 வருஷங்களுக்குப் பின், 1999-லேதான் கண்டெடுக்கப்பட்டது. சகோதரர் இருவரையும் மலைப்பனி கொண்டது என்று வியப்பவர் பலர். நாம் வேறொன்றை நினைக்கிறோம். 1922-ல் ஜார்ஜ் மாலரி முன்னின்று நடத்திய ஏற்றத்தில், புதுப் பனி சரிந்து, சுமை தூக்கி வந்த ஏழு ஷெர்ப்பாக்கள் மாண்டனர். அந்தப் பழி தம்மைச் சேர்ந்தது என்று அவர் பின்னாளில் வருந்தினார். அண்ணன் தம்பி இருவர் சரித்திரத்திலும், பெயர் பெரிதும் வழங்காத பிறர் உயிர்கள் உண்டு. ஏழு சுமைக்காரர்களும், எட்டு விமானப் படையினரும், தங்களை நடத்தியவரின் தீர்மானத்தால் மலைக்குச் சென்றவர்கள். மலை அவர்களையும் கொண்டது. புகழ் மட்டும் அவர்களைச் சேரவில்லை.

விதி செய்த வேடிக்கை இன்னொன்றும் உண்டு. லீ-மாலரி மாண்டதால் காலியான பதவிக்கு, 1945 பிப்ரவரியில் வந்தவர் கீத் பார்க். நாலு வருஷங்களுக்கு முன் யாருடைய இடம் லீ-மாலரிக்குக் கிடைத்ததோ, அவரே லீ-மாலரியின் இடத்துக்கு வந்து, பர்மா யுத்தத்தை முடியும் வரை நடத்தினார். நார்மண்டியில் கடற்படையை நடத்திய ராம்சேயும் 1945 ஜனவரி 2-ந் தேதி பிரான்ஸில் விமான விபத்தில் மாண்டார். படையெடுப்பின் பெருந் தளபதிகளில் இருவர், வெற்றி விழாவைக் காணாமல், சண்டையில் அன்றிச் சாதாரணப் பிரயாணத்திலேயே மறைந்தனர்.

நாம் சொல்ல வந்தது இதுதான். ஜூன் மாதத்தில் எச்சரித்தவர் லீ-மாலரி. நவம்பரில் எச்சரிக்கப்பட்டவர் லீ-மாலரி. முன்னதில் அவர் சொன்னது தவறாயிற்று. ஆனால் கேட்டவர் பொறுமையுடன் கேட்டார். காரணங்களை நிறுத்துப் பார்த்தார். அதன் பின்னரே மறுத்தார். பின்னதில் சொன்னவர்கள் சொன்னதே சரியாயிற்று. தலைவன் ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் இணங்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவ்வாறாயின் நார்மண்டியில் எவரும் இறங்கியிருக்க முடியாது. ஆபத்தை மேற்கொள்வது எதனால் அவசியமாகிறது என்பதே கேள்வி. ஜூன் மாதத்தில் ஒரு கண்டத்தின் விடுதலை அந்த ஒரே இரவைப் பொறுத்திருந்தது. நவம்பரில் ஒரு நாள் தாமதித்தால், ஒரு தளபதி தம் பதவியை ஒரு நாள் கழித்து ஏற்றிருப்பார், அவ்வளவே. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பவனுக்குத் தைரியம் இருக்கலாம். விவேகம் இருப்பதாகச் சொல்ல முடியாது.

மற்றுமொன்று. வானத்தின் நிலையை அறிய வேண்டியவன் விமானத்தை ஓட்டுபவன். அந்த இடத்தில் அவனே தலைவன். ஏறிச் செல்பவர் எத்தனை பெரிய தளபதியாயினும், அந்த இடத்தில் அவர் பிரயாணி. பதவி ஒருவருக்கு அதிகாரத்தைத் தரும். மேகத்தை விலக்கும் சக்தியைத் தராது. நம் தேசத்தில் கட்சிகளை நடத்துவோரும், கிளர்ச்சிகளுக்கு நாள் குறிப்போரும், சர்க்கார் இலாகாக்களில் உத்தரவிடுவோரும் இதை மறத்தலாகாது. கிராமத்தின் நிலையைக் கிராமத்தில் வேலை செய்யும் தொண்டன் அறிவான். ஆலையின் நிலையைத் தொழிலாளி அறிவான். இப்பொழுது வேண்டாம் என்று அவன் சொல்லும்போது, அதைக் கோழைத்தனம் என்று தள்ளுவது எளிது. கேட்டு ஆராய்வதற்குத்தான் உள்ளத்தில் உரம் வேண்டும். தொண்டர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தலைவர் விரும்பாததைத் தலைவரிடமே சென்று சொல்ல வேண்டும். அதில் லீ-மாலரியே அவர்களுக்கு வழிகாட்டி. ஐசன்ஹோவரின் முன் அவர் நின்ற நிலையைப் பின்பற்றுவது எவருக்கும் பெருமையே தரும்.

லெ ரிவியே கிராமத்தில் இன்றும் அந்தக் கல்லறைகள் இருக்கின்றன. அவர்களை நினைவூட்டும் சிறு பொருட்காட்சிச் சாலை ஒன்றும் அங்கே உண்டு. தளபதிக்கும் அவர் மனைவியார்க்கும் உள்ள கற்களுக்கு அருகிலேயே எட்டு விமானப் படையினருக்கும் கற்கள் உள்ளன. உயிரோடிருந்த காலத்தில் அவர்களைப் பிரித்த பதவி வேற்றுமை அங்கே இல்லை. லீ-மாலரியின் தைரியத்தையும் நேர்மையையும் மதித்து நாம் அவரை நினைக்கிறோம். போக வேண்டாம் என்று சொல்லியும், போகச் சொன்னதும் தம் கடமையை ஏற்றுப் பறந்து சென்ற அந்த எண்மரை அதனினும் ஒரு படி மேலாக நினைக்கிறோம்.